தம்பிக்கு வந்த காய்ச்சலும் நான் வளர்த்த ஒட்டுண்ணியும்

என் தம்பி மலேரியாவில் இறந்துபோனான். நான் மலேரியா ஒட்டுண்ணியை வளர்த்து ஆராய்ச்சி செய்கிறவள். இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. யாராவது புதிதாக அறிமுகமானால் ஒன்றைச் சொல்வேன், மற்றதை விட்டுவிடுவேன். ஊர்க்காரர்களிடம், பெங்களூரில் ஏதோ லேப்பில் வேலை என்பேன். லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம், தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்பேன். என்ன காய்ச்சல் என்று அவர்கள் கேட்பதற்குள் பேச்சை மாற்றவும் பழகிவிட்டது.

எங்கள் வீடு போடிநாயக்கனூரில். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மா ஓர் ஏலக்காய்க் கடையின் பின்கட்டில், காய் பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து எங்களை வளர்த்தாள். தம்பி என்னைவிட நான்கு வயது சிறியவன். அவன் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா வேலை பார்த்த கடையிலேயே சேர்ந்தான். ஐந்தாறு வருடத்தில், காய் வாங்குவதற்கு முன்னால் முதலாளி அவன் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினால் போதும், ஈரம் மிச்சம் இருக்கிறதா, ஸ்டோரில் சூடு கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவான். ஸ்டோர் என்பது மலையில் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். போடிமெட்டுக்கு மேலே இருக்கிற எஸ்டேட் ஒன்றின் ஸ்டோரைக் கடைசி மூன்று வருடம் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

நான் படித்தேன். படித்துக்கொண்டே இருந்தேன். முப்பது வயதிலும் படிக்கிறாளா என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவன்தான் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் யாரும் வந்து கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் மனைவியை அழைத்துக்கொண்டு பெங்களூர் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, இரண்டு பேருக்கும் லேப்பைக் காட்டினேன். உள் அறைக்குள் விடவில்லை. வெளியே மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, சாயம் ஏற்றிய பழைய ஸ்லைடு ஒன்றை வைத்தேன். வெளிறிய ரத்த அணுக்களுக்குள் நீலமாய் ஒரு மோதிரம், மோதிரத்தில் கல் பதித்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி. மலேரியா ஒட்டுண்ணியின் இளம் பருவம் அப்படித்தான் இருக்கும்.

அவன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“அழகாத்தானக்கா இருக்கு. இத என்ன செய்வ?”

“இதுக்கு அஞ்சாயிரத்துச் சொச்சம் மரபணு இருக்குடா. நெறைய மரபணு என்ன சோலி பாக்குதுன்னே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாத்தான் எங்க அடிச்சா விழும்னு மருந்து செய்யலாம்.”

“எப்படிக் கண்டுபிடிப்ப?”

“ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் பாப்போம். எது நின்னுபோகுதோ, அதுதான் அது பாத்த சோலி.”

அவன் யோசித்தான். “ஸ்டோர்ல ஒரு ஆளு என்ன பண்றான்னு தெரியலைன்னா, ஒரு நாளு லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பாக்குற மாதிரி. சரி, நீ எடுத்தது இல்லாம அது உசுரோடவே இருக்க முடியாதுன்னா? செத்துப்போச்சுன்னா எதைப் பாப்ப?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு வந்து சேர நான் ஒரு வருடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் ஆராய்ந்த மரபணு அப்படிப்பட்டதுதான். அதை நீக்கிய ஒட்டுண்ணியை உருவாக்க எத்தனை முறை முயன்றாலும் ஒன்றும் பிழைத்து வரவில்லை. அதில்லாமல் அது வாழாது என்று தெரிந்தது. ஏன் வாழாது என்பது தெரியவில்லை.

அதற்கு ஒரு வழி உண்டு என்று அவனுக்குச் சொன்னேன். மரபணுவை எடுக்காமல், அதன் இரண்டு முனையிலும் ஓர் அடையாளத்தை மட்டும் பதித்து வைப்போம். ஒட்டுண்ணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வழக்கம்போல வளரும். அதற்குள்ளேயே ஒரு நொதியை இரண்டு துண்டாக வைத்திருப்போம். நாம் தீர்மானிக்கிற நாளில் ஒரு மருந்தை ஊற்றினால் அந்த இரண்டு துண்டும் சேர்ந்து, அடையாளங்களுக்கு நடுவே இருப்பதை வெட்டி எடுத்துவிடும். அந்த மணியிலிருந்து உட்கார்ந்து பார்க்கலாம், எங்கே தடுமாறுகிறது என்று.

“எதுலக்கா வளக்குற?”

“மனுச ரத்தத்துல. ரத்த வங்கியில வாங்குவோம்.”

“என் ரத்தம் வேணும்னா எடுத்துக்க.”

“உன்னுது பி குரூப்பு. எங்களுக்கு ஓ தான் வேணும்.”

“பூச்சி வளக்கக்கூட நான் லாயக்கில்லியா?” என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த வருடம் முதலாளி அவனைத் தான்சானியாவுக்குப் போகச் சொன்னார். அங்கேயும் மலைச் சரிவில் ஏலம் விளைகிறது. அவருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே புதிதாக ஸ்டோர் கட்டியிருந்தார். எப்படி உலர்த்துவது, எப்படித் தரம் பிரிப்பது என்று காட்டிக்கொடுக்க ஆறு மாதம் ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்கு இஷ்டமில்லை. நான்தான் போன் போட்டு அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். போடியையும் மலையையும் விட்டால் அவன் பெங்களூரை ஒருமுறை பார்த்ததோடு சரி, போகட்டும் என்றேன்.

போவதற்கு முன் அவனை உட்காரவைத்து மணிக்கணக்கில் பாடம் எடுத்தேன். கொசுவலை, முழுக்கைச் சட்டை, தினமும் ஒரு தடுப்பு மாத்திரை. “அங்கிருந்து கிளம்புனப்புறமும் நாலு வாரம் மாத்திரை போடணும். நிப்பாட்டிறாத” என்றேன். தலையாட்டினான். மாத்திரைகளை நானே எண்ணி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்த ஆறு மாதமும் வாரத்துக்கு ஒருமுறை கேட்டேன், “போடுறியா?” என்று. “போடுறேன், போடுறேன்” என்பான்.

அவன் ஊர் வந்து சேர்ந்த நாளோடு அந்தக் கேள்வி என்னிடமிருந்து போய்விட்டது. நல்லபடியாக வந்துவிட்டான் என்ற நிம்மதியில் போய்விட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த மாதத்தில் என் மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது என்பதும் உண்மை.

என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், என் ஒட்டுண்ணிக்குள் அந்த அடையாளங்களைச் செலுத்துகிற முயற்சி இரண்டு முறை தோற்றிருந்தது. மூன்றாவது முறை போய்க்கொண்டிருந்தது. மின்சார அதிர்ச்சி கொடுத்து, நாம் தயாரித்த டி.என்.ஏ.வை உள்ளே தள்ளுவோம். கோடிக்கணக்கானவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டும் அதை ஏற்றுக்கொள்ளும். மற்றவை சாக மருந்து ஊற்றுவோம். அதன்பிறகு வாரக்கணக்கில் ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. வெறும் ரத்தம். ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிகிற அந்தக் குடுவைக்குப் பழைய திரவத்தை எடுத்துப் புதிய திரவம் ஊற்றவேண்டும், புது ரத்தம் சேர்க்கவேண்டும், ஸ்லைடு போட்டுத் தேடவேண்டும். முப்பது நாள் அப்படிப் போயிருந்தது. பேராசிரியர் இதோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார்.

முப்பத்தோராவது நாள் காலை, ஸ்லைடின் ஓரத்தில் ஒரு மோதிரம் தெரிந்தது. நகர்த்தினேன். இன்னொன்று. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கிற தோழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. தம்பி. அவன் ஊருக்கு வந்து பதிமூன்று நாள் ஆகியிருந்தது. காய் எடுப்புக் காலம் என்பதால் வந்த மூன்றாம் நாளே மேலே எஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.

“அக்கா, ரெண்டு நாளாக் காய்ச்சல். ஒரே குளிரு. போர்வை ரெண்டு போட்டாலும் நடுக்கம் நிக்க மாட்டேங்குது.”

“மழையில நனைஞ்சியா?”

“இங்க எப்ப மழை நின்னுச்சு? ஸ்டோருல இங்க ரெண்டு பேருக்குப் பனி.” மேலே காய்ச்சலை மலையாளத்தில் பனி என்றுதான் சொல்வார்கள்.

“பாராசிட்டமால் போடு. ஜீப்பைப் புடிச்சு வெரசாக் கீழ எறங்கி டாக்டரப் பாரு. தண்ணி நெறையக் குடி. நான் சாயங்காலம் கூப்புடுறேன், இப்ப கையில சோலி இருக்கு.”

“சரிக்கா. நீ சோலியப் பாரு.”

அந்த அழைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வினாடி. அவன் குளிர், நடுக்கம் என்று சொன்னபோது என் கண் எதன்மேல் இருந்தது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் லேப்பில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவனைக் கூப்பிடவில்லை. மறுநாள்தான் கூப்பிட்டேன்.

அதற்குள் அவன் கீழே இறங்கி போடியில் டாக்டரைப் பார்த்திருந்தான். போனை எடுத்தது அவன் மனைவி. என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். “ரத்தம் எடுத்துப் பாத்தாக மதினி. தட்டணு கொறஞ்சிருக்காம். டெங்குவா இருக்கும்னு சொல்றாக. டெஸ்டுல வரல, ஆனா ரெண்டு நாள் கழிச்சி வந்தாலும் வருமாம். குளுக்கோஸ் ஏத்துறாக.”

பரிசோதனைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்த மழைக்காலத்தில் போடி, தேவாரம், சிலமலை எங்கும் டெங்கு இருந்தது. நான் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்தேன். பயப்படுகிற அளவுக்கு இல்லை என்று சொன்னேன். அதே சீட்டில் ஹீமோகுளோபினும் குறைந்திருந்தது, மஞ்சள்காமாலைக்குப் பார்க்கிற எண்ணும் கூடியிருந்தது; ரத்த அணுக்கள் உடைகின்றன என்பதற்கான அடையாளம் அது. அவற்றை நான் படிக்கவில்லை. என் கண் அந்த வரிகளுக்குப் போகவேயில்லை.

அதற்கடுத்த இரண்டு நாளும் போனில் பேசினோம். ஒருநாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்றான். கஞ்சி குடித்தேன் என்றான். மறுநாள் பேசுகிறபோது வார்த்தை குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

அவன் ஊர் வந்த பதினேழாம் நாள் காலை அம்மா சத்தம் போட்டிருக்கிறாள், அவன் அவளைப் பார்த்து யார் என்று கேட்டதும். அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கார் ஒன்றில் ஏற்றி, தேனியில் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நடுவழியில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. நான் விமான டிக்கெட்டுக்குப் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் பேசினார்.

“பேஷண்டோட அக்காவா? அவருக்கு மலேரியா. ஃபால்சிபேரம். இங்க நாங்க அடிக்கடி பாக்குறதில்ல. அவரு எங்கயாவது வெளிய போயிருந்தாரா?”

நான் லேப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே இன்குபேட்டரின் கதவு. அதற்குள் நான் வளர்ப்பதும் அதே ஃபால்சிபேரம், மலேரியா வகைகளில் ஆளைக் கொல்வது.

“தான்சானியா” என்றேன். “வந்து பதினேழு நாளாச்சு.”

அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

“எத்தனை பர்சென்ட் டாக்டர்?”

“நீங்க டாக்டரா?”

“இல்ல. நான் இதைத்தான் வளக்குறேன்.”

அவருக்குப் புரிந்திருக்காது. நூறு சிவப்பணுவில் பதினாறில் இருக்கிறது என்றார். ஸ்லைடைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. வெளிறிய அணுக்கள், நீல மோதிரங்கள், சிவப்புப் புள்ளிகள். சில அணுக்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. வேறு எந்த நாளில் என் மேசைக்கு அந்த ஸ்லைடு வந்திருந்தாலும் நல்ல கல்ச்சர், செழிப்பாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

அன்று இருட்டுவதற்கு முன் மதுரை போய்ச் சேர்ந்தேன். அவன் வாயில் குழாய் இருந்தது. கண் மஞ்சளாகியிருந்தது. கையைத் தொட்டேன், கொதித்தது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதுதான் என்னால் மறக்க முடியாதது. “எம்மக இதுக்குத்தான் படிக்கிறா. இனி அவ பாத்துக்குவா” என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

சரியான ஊசிதான் போட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து எண்ணினார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஆஸ்பத்திரி லேப் வாசலில் போய் நின்றேன். பதினாறு ஒன்பதாயிற்று. ஒன்பது நான்காயிற்று. நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன், “குறையுதும்மா, மருந்து கேக்குது.” அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான்கு ஒன்றுக்குக் கீழே போயிற்று. சிறுநீர் இறங்கவில்லை, டயாலிசிஸ் வைக்கிறோம் என்றார்கள். சரி என்றேன். எனக்கு அந்த எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. அது இறங்குகிறது, அப்படியானால் அவன் ஏறிவருகிறான்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு மோதிரம்கூட இல்லை. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் போய்விட்டான். மூளையும் சிறுநீரகமும் அதற்கு முன்பே போயிருந்தன. ஒட்டுண்ணி செத்தால் ஆள் பிழைத்துவிடுவான் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மூன்று நாளும் அப்படித்தான் நம்பினேன், அம்மாவையும் நம்ப வைத்தேன். அவனுக்கு இருபத்தெட்டு வயது.

காரியமெல்லாம் முடிகிறவரை நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் போனபிறகு, அவன் மனைவி ஒரு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நான் எண்ணிப் போட்டுக் கொடுத்த மாத்திரை டப்பா. கிட்டத்தட்டக் காலி. மிச்சம் இருந்தவற்றை எண்ணினேன். இருபத்தெட்டு. ஊருக்கு வந்தபிறகு ஒன்றுகூடப் போடவில்லை.

“வயித்தக் கலக்குது, அதான் ஊருக்கு வந்தாச்சே, போதும்னாரு மதினி. நான் ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க திட்டிப் போட வச்சிருப்பீக” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தேன். “நீ என்ன தாயி பண்ணுவ? நான்தான் கேட்டிருக்கணும்” என்றேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். “என்ன கேட்டிருக்கணும்?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடுக்கம் என்று அவன் சொன்னது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது, சாயங்காலம் கூப்பிடாதது, சீட்டில் படிக்காமல் விட்டது. அன்றைக்கே ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் பார்க்கச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். திட்டுவாள், இல்லையென்றால் உன் மேல் தப்பில்லை என்பாள் என்று நினைத்தேன்.

“அப்பறம் ஏன் கேக்கல?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், போடியில் அவனை முதலில் பார்த்த டாக்டரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று நினைக்கிறேன். வயதானவர். என்னை யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு மதுரையிலிருந்து செய்தி வந்திருந்தது.

“நான் கேட்டேம்மா” என்றார். “வெளியூர் எங்கயும் போயிருந்தியாப்பான்னு கேட்டேன். மேல எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன் சார், போடிமெட்டுலேர்ந்து இப்பத்தான் எறங்கி வர்றேன்னு சொன்னான். வெளிநாடுன்னு கேக்கணும்னு எனக்குத் தோணல. இந்தத் தெருவுல ஏலக்கா மூட்டை தூக்குற பையன் ஆப்பிரிக்கா போவான்னு நான் நெனக்கல.”

அவன் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். அவன் கடைசியாகப் போன வெளியூர் மலைதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பிறகு, காய்ச்சல் என்று வருகிறவர்களிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். “மூணு மாசத்துக்குள்ள வேற நாட்டுக்கோ, வடநாட்டுக் காட்டுப்பக்கமோ போயிருந்தீங்களா?” என்று. அதைப் பெரிய எழுத்தில் எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டுகிறேன் என்றார். ஒட்டியிருக்கிறார், பிறகு பார்த்தேன். எஸ்டேட் ஜீப்புகள் கிளம்புகிற இடத்திலும் தம்பி மனைவி ஒன்றை ஒட்டிவைத்தாள். மழையில் கிழிந்தால் புதிதாக ஒட்டுகிறாள்.

பெங்களூருக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் என் தோழி, ஒரு நாள் விடாமல், என் ஒட்டுண்ணிகளுக்குத் திரவம் மாற்றி, புது ரத்தம் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஒரு பங்கை உறையவைத்தும் வைத்திருந்தாள். எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறாள். “நல்லா இருக்கு, ஒண்ணும் ஆகல” என்று சொல்லிக் குடுவையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாங்கினேன். இளஞ்சூடாக இருந்தது, மனித உடம்பின் சூட்டில்தானே வைக்கிறோம். அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் குடுவை முழுக்க ப்ளீச் ஊற்றிவிடலாம் என்று நான் நினைத்ததும், அன்று சாயங்காலம் பாட்டிலைத் திறந்துகொண்டு நின்றதும் அவளுக்குத் தெரியாது. அவள் இருபது நாள் உழைப்பு அதில் இருந்தது என்பதால்தான் ஊற்றவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் எனக்கு இல்லை.

நான்கு மாதம் லேப்பில் மற்றவர்களுக்கு ஸ்லைடு கழுவினேன், மருந்து கலந்து கொடுத்தேன். மைக்ராஸ்கோப் பக்கம் போகவில்லை. பேராசிரியரும் என்னை அந்தப் பக்கம் கூப்பிடவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, நானாகவே போய், உறையவைத்ததை எடுத்து வளர்த்தேன். எந்த வைராக்கியத்திலும் இல்லை. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

கடைசியில் மருந்தை ஊற்றிய நாள் வந்தது. ஒரே அளவில் இரண்டு குடுவை. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் திரவம். இந்த ஒட்டுண்ணி ஒரு ரத்த அணுவுக்குள் நுழைந்து, வளர்ந்து, பதினாறு, இருபது என்று பெருகி, அணுவை உடைத்து வெளியே வர இரண்டு நாள் ஆகும். மருந்தில்லாத குடுவையில் அப்படியே நடந்தது. மருந்து ஊற்றியதில், வளர்ந்தன, பெருகின, வெளியே வர முடியவில்லை. அணுவின் சுவரை உடைக்கிற வேலை அந்த மரபணுவினுடையது போலிருக்கிறது. திராட்சைக் கொத்து மாதிரி உள்ளே அடைந்து, ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, உள்ளேயே செத்தன. மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதேதான். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். நான்கு வருடம் காத்திருந்த பதில். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவர் நினைத்திருப்பார். இந்தப் பதில் எப்போதாவது ஒரு மருந்தாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனாலும் அவன் சாவுக்கு மருந்து இல்லாதது காரணமே இல்லை. அவனுக்கு வேண்டிய மருந்து ஏற்கெனவே கடையில் இருந்தது. அதைக் கொடுக்கச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போயிற்று. அந்த ஆள் நான்.

அவன் போனதிலிருந்து அம்மா என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய். அதற்குமேல் இல்லை. தம்பி மனைவியை அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. இருவருமாகவே இருக்கிறார்கள். அவளும் இப்போது கடையில் காய் பிரிக்கப் போகிறாள்.

போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தேன். மத்தியானம் அம்மா முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அந்தப் பூச்சிய இன்னும் வளக்குறியா?”

“ஆமாம்மா.”

“எப்படித்தான் ஒனக்குப் பாக்க மனசு வருதோ.”

“வரலம்மா. பாக்குறேன்.”

அவள் புடைப்பதை நிறுத்தினாள். என்னை நேராகப் பார்த்தாள். அவன் போனபிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். “நீயும் எளச்சுப்போயிட்ட ஆத்தா” என்றாள். எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

சாப்பிட்டேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.